கணைக்காற் கவசம், இரண்டு

ஸ்காபரோவிலிருந்து வந்த பார்சலின் அடியில்
பத்துக் கட்டிப் பொலிமர் களி கிடந்தது,
மச்சாளின் மகள் விளையாடி அலுத்தது.
களி என்கிறார்கள். எந்தக் குளத்திலும் கிண்டியதில்லை.
தண்ணீருக்கு இளகாது.
உள்ளங்கைச் சூட்டுக்கு மட்டும்
அரை மணித்தியாலம் போக மெல்ல இணங்கும்.

சேனாதிபதி வேடம் இமெல்டாவுக்கு.
கலாசார விழா நாடகத்தில்
ஆண்கள் எல்லோரும் அரசனாகவே கேட்டார்கள்;
போருக்குப் போக அவள்தான் கையுயர்த்தினாள்.
கள்ளப்பாட்டு வாடியில் மீன்கணக்கு எழுதுகிறவள்.
தராசுக்கு மேலால் அவள் போடும் சத்தம்
கடைசி வரிசைக்கும் கேட்கும்.

முழுக்கவசமும் களியில் செய்ய முடியாது.
பாரம். குனிந்தால் வெடிக்கும்.
உடம்புக்குக் கறுப்பு ஸ்பொஞ்சுத் தாள்;
களி விளிம்புக்கும் ஆணித் தலைகளுக்கும்
நடுநெஞ்சில் ஒரு சுறாவின் முகத்துக்கும்.
பேனா மூடியால் அமுக்கினால் ஆணித் தலை.
நைலோன் வலைத்துண்டை விரித்துப்
போத்தலால் உருட்டினால் சங்கிலிச் சட்டை.
வலை, வாடியிலிருந்து அவள் கொண்டுவந்தது.
கிழிந்த கண்களும் பதிந்தன.

வேக நூற்றி முப்பது பாகை வேண்டும்.
யோகேந்திரத்தாரின் போறணையில்
பின்னேரப் பாண் இறக்கியபிறகு
அப்படியொரு நேரம் இருக்கிறது.
கையை உள்ளே நீட்டிப் பத்து எண்ணுவார்.
முதல்நாள் ஏழிலேயே இழுத்துக்கொண்டு
"பரவாயில்லை, வை" என்றார்.
தோள்கவசம் கறுத்துப் புகைந்தது.
எரியும் பிளாஸ்ரிக்கின் மணம்.
நாங்கள் இருவரும் வெளியே வந்து
றோட்டைப் பார்த்தபடி கனநேரம் நின்றோம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
அடுத்த நாள் பத்து வரை எண்ணினார்,
பிறகு இன்னும் இரண்டு.

கணைக்கால்கள் கடைசியில்.
வலதை முக்காலியில் தூக்கி வைத்தாள்,
ஈயத்தாள் சுற்றி அச்செடுத்தேன்.
கூசுது கூசுது என்று சிரித்தாள்.
இடதின் வார்களை அவிழ்த்துக் கழற்றித் தந்தாள்:
"இதை நீ வைச்சிரு. ஆறுதலாச் செய்.
இது கூசாது."
ஊன்றுகோலோடு ஓட்டோவில் ஏறிப் போனாள்.

அன்றிரவு என் வீட்டில்
அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்
செருப்புப் போட்டபடி ஒரு கால் நின்றது.
விளக்கை அணைக்கும்போது
அதனிடம் ஏதோ சொல்லவேண்டும் போலிருந்தது.

ஒத்திகையில் நெறியாளர் குலவீரசிங்கம்:
"எல்லாம் புத்தம் புதுசா மினுங்குது.
சண்டை கண்ட கவசமெல்லோ!
நெளிவு வேணும், வெட்டு வேணும், கறள் வேணும்."
கறளைப் பூசலாம், கீறலை வாளலகால் இழுக்கலாம்.
வெந்ததை நெளிக்க முடியாது.
பச்சையாய் மிஞ்சியவை கணைக்கால் இரண்டும்தான்.

வலதில் கரண்டியின் முதுகால் குத்தினேன்.
கத்தியால் ஒரு வெட்டு.
"இன்னும் ஆழமா" என்றாள் இமெல்டா,
பக்கத்தில் நின்று பாண் சாப்பிட்டுக்கொண்டு.
இடதை எடுத்தேன்.
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அதுக்கு வேண்டாம். அது புதுசா இருக்கட்டும்."
"ஒண்டு அடிபட்டு மற்றது அடிபடாமலோ?
சனம் சிரிக்கும் பிள்ளை."
"சிரிக்கட்டும் சேர்."

சனம் சிரிக்கவில்லை, கவனிக்கவுமில்லை.
மழை வந்து முன்வரிசை கலைந்துகொண்டிருந்தது.
அரசன் வசனத்தை மறந்தான்.
சேனாதிபதி அவனுடையதையும் சேர்த்துச் சொன்னாள்.

பொருட்களைத் திருப்பி எடுத்த பட்டியலில்
நெறியாளர் எழுதியிருந்தார்:
மார்புக் கவசம் 1. தோள்கவசம் 2.
கணைக்காற் கவசம் 2. அதை வெட்டி, 1.
மற்றது எங்கே என்று கேட்டார்.
நேற்றுக் காலை வாடியில்
ஐஸ் பெட்டியைத் தாண்டி அவள் எட்டி வைக்கையில்
பாவாடைக் கரைக்குக் கீழே
ஒரு சீலா திரும்பியதுபோல் பளிச்சென்றதை
நான் கண்டிருந்தேன்.

"தெரியாது சேர்" என்று கையெழுத்துப் போட்டேன்.
பேனாவை மூடப் பார்த்தால் மூடவில்லை.
மூடிக்குள் இன்னும் களி.