பாக்கி

குபாரிலம்பியில் ஏரி உறைந்த பின்னும்
மூடிய சுரங்கவாயின் கம்பிகளில் மட்டும்
பனி நிற்பதில்லை.
உள்ளிருந்து ஆறு டிகிரியில் ஒரு மூச்சு,
ஆள் யாருமில்லாமல்.

ஹில்க்கா தபால் வண்டியை நிறுத்துகிறாள்.
விறைத்த கையுறையைக் கம்பியில் மாட்டுகிறாள்.
பக்கத்தில்,
நேற்று மீன் துளைக்குள் கால் விட்ட
ஊர்ச் செயலாளரின் கால்சட்டை.

செம்பு தீர்ந்த வெள்ளிக்கிழமை
கம்பெனி விளக்குகளை எண்ணி வாங்கிக்கொண்டது.
அவள் அப்பாவுக்குப் பதினோரு நாள் கூலி நின்றது.
கேட்டு எழுதிய கடிதங்கள்
முகவரியில் ஆளில்லையென்று
இவள் பைக்கே திரும்பி வந்தன.

கையுறை இளக இருபது நிமிடம்.
கடிகாரம் பார்க்கிறாள்,
கணக்கில் கழித்துக்கொள்கிறாள்.

இன்னும் நாலரை நாள் இருக்கிறது.
வட்டியைத் தொடவே இல்லை.