விட்டுப் பிடி

சாவியைத் திருப்பினால்
ஏபிஎஸ் விளக்கு மூன்று நொடி எரிந்து அணைய வேண்டும்.
என் காரில் அது எரியவே இல்லை.
"எரியாத விளக்கு நல்ல செய்தி அல்ல" என்றார்
கோட்கா வாகன ஆய்வு நிலையத்தில் ஸ்வான்ட்டே.
படிவத்தில் சிவப்புக் கோடு.
ஒரு மாதக் கெடு.

அன்றிரவு டேஷ்போர்டைக் கழற்றினேன்.
விளக்கு இருந்தது. உயிரோடும் இருந்தது.
முகத்தில் மட்டும்
சுண்டுவிரல் நகம் அளவுக்குக்
கத்தரித்து ஒட்டிய கறுப்பு டேப்.

இவ்வளவு நேர்த்தியாக வெட்டுகிறவன்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்:
தௌனோ, என் மனைவியின் தம்பி.
போன வசந்தத்தில் இதே காரை
ஆயிரத்து நானூறு யூரோவுக்கு விற்று
"ஒரு குறையும் கிடையாது" என்று
என் கையைக் குலுக்கியவன்.

டிசம்பரில் பாலத்தருகே கார் வழுக்கிப்
பனிக்குவியலில் மூக்கை நுழைத்தது ஞாபகம் வந்தது.
பக்கத்தில் ஐலி இருந்தாள்.
பனிதான் காரணம் என்று
இருவருமே சொல்லிக்கொண்டோம்.

டேப்பை உரித்தேன்.
மஞ்சள் எழுந்தது. அணையவில்லை.

கோபத்தில் பார்க்கிற பழுது காசைத் தின்னும்.
கையில் கிடைத்த முதல் சந்தேகத்தின் பேரில்
புது சென்சார் மாட்டினேன், நாற்பத்தொரு யூரோ.
விளக்கு அசரவில்லை.
பிறகுதான் பழையதை அளந்தேன்:
ஆயிரத்து நூறு ஓம், அப்பழுக்கில்லை.
நிரபராதியை வேலைநீக்கம் செய்தாயிற்று.

சக்கரம் சுழன்றால் சென்சாரில்
துளி மின்சாரம் பிறக்கும்.
பார்க்க இரண்டு பேர் வேண்டும்:
ஒருவர் சக்கரத்தைச் சுற்ற,
ஒருவர் மீட்டரின் முள்ளைக் கவனிக்க.
மைனஸ் பதினான்கில், ஞாயிற்றுக்கிழமையில்,
கூப்பிட்டதும் வருகிறவனும்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

வந்தான். உள்ளே மஞ்சள் எரிவதைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்க்காமல் ஜாக்கி போட்டேன்.
"எந்தப் பக்கம்?"
"இடது, முன்."
எங்கள் ஊரில் இது நீண்ட உரையாடல்.

நொடிக்கு ஒரு சுற்றாகச் சுற்றினான்.
மிதந்துகொண்டிருந்த முள்
ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில்
ஒருமுறை விக்கியது.
"நிறுத்து. பின்னால். இன்னும் கொஞ்சம்."
டார்ச் அடித்தேன்.
அச்சுத்தண்டில் பல்வளையம், நாற்பத்தெட்டுப் பற்கள்,
இரண்டு பற்களுக்கு நடுவே மயிரிழை விரிசல்.
சாலை உப்பு தின்ற இரும்பு
வளையத்துக்கு அடியில் துருவாகப் பருத்துப் பருத்து
உள்ளிருந்தே அதைப் பிளந்திருந்தது.

ஹப் நட்டுக்கு ஒன்றரை மீட்டர் குழாய்,
இரண்டு பேரின் எடை,
மூன்று கெட்ட வார்த்தை.
தண்டை வெள்ளி தெரியும்வரை தேய்த்தான் அவன்.
புது வளையத்தை நான்
ஐலியின் அடுப்பில் இருநூறு டிகிரியில் வைத்தேன்,
கம்பு ரொட்டிக்குப் பக்கத்தில்.
"எண்ணெய் நாற்றம் ரொட்டியில் ஏறினால்
நீங்கள் இருவரும்தான் தின்ன வேண்டும்" என்றாள்.
ஏறியது. தின்றோம்.
சூட்டில் விரிந்த வளையம்
தண்டில் வழுக்கி இறங்கி
ஆறியதும் இறுகிக்கொண்டது.

இருபது மீட்டர் ஓடியதும் மஞ்சள் அணைந்தது.
அதை நம்பாமல்
உறைந்த ஏரிமேல் போட்ட பாதைக்குப் போனோம்.
நாற்பது கிலோமீட்டர் வேகம்.
முழுக் காலையும் போட்டு மிதித்தேன்.

பிரேக்குக்குப் பிடிவாதம் வந்தால்
சக்கரம் இறுகும், கார் வழுக்கும்,
ஸ்டீயரிங் வெறும் அலங்காரம்.
இது இறுகவில்லை.
பாதத்தடியில் பெடல் தடதடத்தது:
பிடி, விடு, பிடி, விடு,
நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை
மனம் மாறி மாறி,
நான் திருப்பிய பக்கம் திரும்பி
நின்றது.

தௌனோ உள்ளங்கையைத் தொடையில் துடைத்தான்.
"அந்த டேப்…" என்றான்.
"ம்."
வெகுநேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
"வளையம் எவ்வளவு ஆச்சு?"
"பதினெட்டு."
இருபது யூரோ நோட்டை டேஷ்போர்டில் வைத்தான்.
சென்சாரைப் பற்றி நான் சொல்லவில்லை.
பையைத் துழாவி
இரண்டு யூரோ நாணயத்தை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டான்.