ஒரே நடை

ஐஸ் ஹாக்கி அரங்கில் நாற்பத்திரண்டு படிகள்.
பிப்ரவரியில் எண்ணத் தொடங்கினேன்.
முதுகில் இருபது கிலோ பூனைமணல்.
(எனக்குப் பூனை கிடையாது.
கடைக்காரி இன்னும் அதை நம்பவில்லை.)

ஏறும்போது மூச்சு பேசியது,
இறங்கும்போது முழங்கால்.
கீழே பனித்தளத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள்
விழுந்தார்கள், எழுந்தார்கள், விழுந்தார்கள்.
அதற்குப் பயிற்சி என்று
அவர்கள் பெயர் வைத்திருக்கவில்லை.

போன ஜூலை.
அட்டிகோகனுக்கு வடக்கே இரண்டு ஏரிகள்,
நடுவே ஆயிரத்து இருநூறு மீட்டர் சுமைப்பாதை.
பாதி வழியில் கனூவைப் பாறையில் சாய்த்துவிட்டு
உட்கார்ந்தவள்தான் நான்.
ஒடெட் தன் மூட்டையைக் கரையில் வைத்துவிட்டு
என் மூட்டைக்கு வந்தாள்.
பிறகு கனூவுக்கு வந்தாள்.
பிறகு எனக்கு.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ராத்திரி மீனைப் புரட்டிப் போடும்போது
"உப்பு தூக்கலா இருக்கா, ரையா?" என்றாள்.
அந்த மரியாதை
குளிர்காலம் முழுக்கத் தொண்டையில் முள்ளாக நின்றது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை.
சுமையை இரண்டாகப் பிரித்தால்
போக ஒன்று, வெறுங்கையோடு வர ஒன்று,
மறுபடி போக ஒன்று.
ஒரு கிலோமீட்டர் மூன்று கிலோமீட்டர்.
எனக்கு ஐம்பத்து மூன்று வயது,
மர ஆலையில் இரவு ஷிப்ட்,
இடது தோளில் பழைய வலி.
"ஒரே நடை" என்று எழுதி
ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

மார்ச் முழுக்க
கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டை கட்டி
சமையலறைத் தரையில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டேன்.
இடப்பக்கம் ஐந்நூறு, வலப்பக்கம் ஐந்நூறு.
வீடு ஓர் அங்குலம் நகரவில்லை.

ஏப்ரலில் தெரு தெரிந்தது.
கராஜ் உத்தரத்திலிருந்து கனூவை இறக்கினேன்.
தொடையில் ஏற்றி, இடுப்பை வளைத்து, ஓர் உதறல்.
நாலு நாள் அது என்னைக் கீழே தள்ளியது.
ஐந்தாம் நாள்
தலை இருக்க வேண்டிய இடத்தில்
பதினாறு அடிப் படகு முளைத்த ஒரு பெண்
மேப்பிள் தெருவில் நடந்தாள்.
பள்ளிப் பேருந்தின் ஜன்னல்களை உள்ளிருந்து தட்டினார்கள்.
தபால்காரர் கொரிவோ
படகின் மூக்குக்கு வணக்கம் சொல்லி
மின்சார பில்லை இருக்கைக்கு அடியில் செருகினார்.
நுகத்தடி கழுத்தின் இருபுறமும் காய்ப்பு வைத்தது.
மாட்டுக்குத்தான் அந்தச் சொல் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.

ஜூன். அதே பாதை.
முதுகில் மூட்டை, மேலே கனூ,
எதையும் பின்னால் விடவில்லை.
உலகம் ஒரு மீட்டராகச் சுருங்கியது:
என் பூட்ஸ், வேர், சேறு, என் பூட்ஸ்.
கவிழ்ந்த படகுக்குள் கொசுக்கள் மாநாடு கூட்டின;
விரட்ட ஒரு கை மிச்சமில்லை.
(இதற்கு எந்தப் படியில் பயிற்சி எடுப்பது?)
மூச்சு மரத்தில் மோதித் திரும்பி
வேறு யாரோ கூட வருவதுபோல் கேட்டது.
பாறையைத் தாண்டியது எப்போதென்று தெரியாது.
திடீரென்று பூட்ஸுக்கு முன்னால் தண்ணீர்.

இறக்கி வைத்தேன்.
கைகள் தாமாக மேலே மிதந்தன.

ஒடெட் இன்னும் இரண்டு நடைக்காரி.
இருபது நிமிடம் கழித்து வந்து மூட்டையை இறக்கினாள்.
"அந்தச் செருப்புப் பூவைப் பார்த்தியா?"
எந்தப் பூ?
"பாதையிலேயே, ரோஸ் நிறம்.
உன் பூட்ஸ் தடம் பக்கத்திலேயே இருக்கு.
மிதிக்காம வந்துட்டியே."

அடுத்த மூட்டைக்காக அவள் திரும்ப,
நானும் கூடவே போனேன்.
ஆகக் கூடி மூன்று கிலோமீட்டர், இன்னும் கொஞ்சம்.
பூ இருந்தது, கட்டைவிரல் அளவு.
அதைத் தாண்டி மூஸ் சாணம், இன்னும் ஈரமாக.
அதையும் தாண்டி என் பாறை.

ஒடெட் மூட்டையை மாட்டிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
நான் உட்கார்ந்திருந்தேன்.
இந்தத் தடவை எழ முடியும்.
இரண்டு கையாலும் கொசு விரட்டிக்கொண்டு
இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.