ரப்பர் துருத்தி

டோங்காட்டில் கரும்பு கொளுத்தும் மாதம்.
கொடியில் காயும் என் வெள்ளைச் சீருடைமேல்
கரித்துகள் மீசை மீசையாய் விழுகிறது.
அதே கரியும் செம்மண்ணும்
தொண்ணூற்றிரண்டாம் வருடத்துக் கொரோலாவின்
முன்சக்கரக் குடைவுக்குள்ளும் போயிருக்கிறது.

ஸ்ட்ரட் தண்டைப் போர்த்தி நிற்க வேண்டிய
ரப்பர் துருத்தி
மடிப்புக்கு மடிப்பு வெடித்து
பள்ளிக்கூடத்துப் பையனின் காலுறைபோல
சரிந்து கிடக்கிறது.
வெருலம் கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவாராம்.
இருநூற்றெண்பது ராண்ட்.
"ஒரு பக்கம் போச்சுன்னா
மறுபக்கமும் நாள் எண்ணிக்கிட்டிருக்கும்."

நீலனும் நானும் பேசி மூன்று நாள்.
அவன் தங்கைக்குப் போன நாலாயிரம் ராண்ட்
மேசைக்கு வந்தது, போனது,
பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.
ஆனால் இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும்.
அவன் கை நீட்டினால் பதினேழாம் ஸ்பானர்.
கையை மடக்கினால் சுத்தியல்.
முகவாயை அசைத்தால்
ஒயரோடு பல்பை இடப்பக்கம் நகர்த்து.
பதினாறு வருடத்தில்
இவ்வளவு துல்லியமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பானட்டுக்குள் மூன்று நட்டு, சொன்னபடி வந்தன.
கீழே இரண்டு போல்ட்டும் துருவில் ஊறி
மாட்டேன் என்றன.
ஒன்று எண்ணெய்க்கு இணங்கியது,
மற்றது அவன் சொன்ன கெட்ட வார்த்தைக்கு.
(அது போல்ட்டுக்குச் சொன்னது.
கணக்கில் சேராது.)

முன்சாமி வீட்டு இரவல் ஸ்பிரிங் கவ்வி.
இந்தப் பக்கம் ஐந்து சுற்று,
அந்தப் பக்கம் ஐந்து சுற்று.
சுருள் வளையம் வளையமாய் நெருங்கி
இனி இடமில்லை என்று நின்றபோது
கரண்ட் போனது.

தெருவே போனது.
அட்டவணையில் எட்டு மணி என்றுதான் இருந்தது,
பார்க்காதவர்கள் நாங்கள்தான்.
இருட்டில், எங்கள் இருவருக்கும் நடுவே
ஒரு ஆளின் தாடையைப் பெயர்க்கும் விசை
இரண்டு கொக்கியில் தொங்கியது.

"அசையாதே," என்றான்.
"அசையல."
"போன்?"
"ரெண்டும் அடுப்படில."
"கொக்கி வழுக்காது. முன்சாமி சத்தியம் பண்ணினான்."
"முன்சாமி சத்தியம் எது வழுக்காம இருந்திருக்கு?"
அவன் சிரித்தானா இருமினானா தெரியவில்லை.

கர்ப்பக்கிருகத்துக்கு முதுகு காட்டாதவள்போல
பின்நடையாகவே போய்
போன் வெளிச்சத்தோடு வந்தேன்.
மேல் நட்டு கழன்றது.
பழைய துருத்தி என் கையிலேயே
பொரிந்து உதிர்ந்தது, கருகின அப்பளம்.
தண்டைத் துணியால் துடைத்து
நகத்தை ஓட்டிப் பார்த்தேன்:
மெல்லிய கீறல்கள், மேலும் கீழுமாய்.
எண்ணெய் கசியவில்லை.
இன்னும் கசியவில்லை.

"எப்பலேர்ந்து கிழிஞ்சிருக்கு?"
"போன வருஷமே பார்த்தேன்."
"சொல்லலையே."
"சின்ன ரப்பர்தானேன்னு."

இதைக் குடும்பத்துக்கு உவமையாக்க எனக்கு நேரமில்லை.
காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட்.

புதுத் துருத்தி, புது ரப்பர் வாசனை.
கவ்வியை அரைச் சுற்று அரைச் சுற்றாய் விட்டோம்.
ஸ்பிரிங் பெருமூச்சு ஒன்று விட்டுத்
தன் இடத்தில் உட்கார்ந்தது.
ஸ்ட்ரட் ஏறியது, சக்கரம் ஏறியது,
வண்டி இறங்கியது.
சர்க்கரையும் பாத்திர சோப்பும் கலந்து
மணிக்கட்டுவரை தேய்த்துக் கழுவினோம்,
ஒரே குழாயில், முறை வைத்து.

அப்போதுதான் கரண்ட் வந்தது.
வாளிக்குப் பக்கத்தில், சிமென்ட் தரையில்,
ஸ்ட்ரட்டுக்குள் இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப்
மஞ்சளாய், கடித்து வைத்த கொய்யாபோல.

நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
பக்கத்து வீட்டு டிவி
விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கியது.

ஜாக்கை மறுபடி உருட்டிக்கொண்டு போனேன்.
அவன் மல்லாந்து படுத்தான்,
கையை நீட்டவில்லை.

"பதினேழு," என்றான், வாய்விட்டு.