விரைவில்

கெரிஞ்சி ஸ்டேஷன் பக்கம், பதினேழாம் மாடி.
இரவு பதினொன்று ஐம்பத்தெட்டு.
எழுபது விழுக்காடு கழிவு என்று எழுதி
இரண்டு ஆச்சரியக்குறி போட்டேன்.
மூன்றாவதை மேலிடம் கேட்டது.

படகு விளையாட்டுக்கு இது நாலாவது கழிவு.
மழைக்குள் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கலாம்,
கரை கிடையாது.
கரை வரைய வேண்டிய வெய் ஷெங்
மார்ச்சில் நாற்காலி மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
லிஃப்டில் இறங்கிப் போனான்.
அந்தச் செய்தியை
யாருக்கும் அறிவிக்கச் சொல்லவில்லை.

பட்டர்வொர்த் சற்குணன் என்று ஒருவர்.
எந்த அறிவிப்புக்கும் முதல் ஆள்.
"கரை எப்போ வரும் லா?"
நிறுவனத்தின் பெயருக்குள் உட்கார்ந்துகொண்டு
ஆதரவுக்கு நன்றி, விரைவில் என்பேன்.
இரண்டு வருடமாக விரைவில்.

இன்றைக்கும் கேட்டார்.
பழக்கத்தில் விரல் 'வி' அடித்துவிட்டது.
அழித்தேன்.
"எனக்கே தெரியல அண்ணே,
வரைஞ்சவன் இப்ப இங்க இல்ல."
அனுப்பிவிட்டு, வேலை போகுமா என்று
ஒரு மிடறு ஆறிப்போன மைலோ.

பன்னிரண்டு. விலை சரிந்தது.
கீழே கடைசி ரயில்
வெளிச்சத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

பதில் வந்தது:
"பரவால்ல. மழை நல்லா இருக்கு.
தம்பிக்கும் ஒண்ணு வாங்கிட்டேன்."