இரண்டு விரற்கடை

கேமரா கொள்ளவில்லை என்று
மூக்கை இரண்டு விரற்கடை அகலமாக்கினோம்.
கூடவே ஒரு சாண் நீளம்.
யாரும் மறுக்கவில்லை.
சூடான கம்பியால் தெர்மாகோலை வெட்டியவள்
நான்தான்.

செட்டிநாட்டுப் பழைய ஓடுதளம்.
சிமெண்ட் வெடிப்புகளில் ஆவாரை.
கண்மாய்க் கரையை மேலிருந்து படமெடுக்க வேண்டும்,
அதற்குத்தான் இத்தனையும்.
அடைக்கலம் ஓடிவந்து எறிந்தான்.
ரிமோட் சிகப்பியிடம்.

மூன்று ஆள் உயரம் ஒழுங்காகப் போனது.
ஆடிக்காற்று அடியில் லேசாகத் தட்டியது.
மூக்கு தூக்கியது.
தூக்கியதாலேயே இன்னும் தூக்கியது.
சிகப்பி குச்சியை முழுக்கத் தள்ளினாள்.
வாலுக்கு அத்தனை கை நீளமில்லை.
நட்டுக்குத்தலாக ஒரு நொடி நின்று
சீமைக்கருவேலத்துக்குள் விழுந்தது.

"பேட்டரி பின்னால நகந்திருக்கும்."
நகரவில்லை.
உடைந்ததைப் பொருத்தி இரு விரலில் தாங்கிப் பார்த்தோம்:
பென்சில் கோட்டின் மேலேயே
சமமாகக் கிடந்தது, ஒன்றும் அறியாததுபோல்.

காரைக்குடி பஸ்ஸில் நின்றபடி
டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
இறக்கை தாங்கும். வால் திருத்தும்.
நடுவிலிருப்பது வெறும் பெட்டி என்றிருந்தோம்.
பெட்டிக்கும் ஒரு கட்சி இருக்கிறது:
மூக்கு ஏறினால் "இன்னும் ஏறு" என்கிற கட்சி.
இறக்கைக்கு முன்னால் நீள்கிற பகுதிக்கு
வாய் இன்னும் அதிகம்,
அங்கே காற்றே மேல்நோக்கி வளைந்துதான் வருகிறது.
நீளம் கூடினால் கூடின அளவுக்கு வட்டி.
அகலம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு கேட்கிறது.
எட்டு விரற்கடை பத்தானது;
அறுபத்து நான்கு
நூறு.

வாலைப் பெரிதாக்கலாம் என்றேன்.
பின்கனம் என்றான் அடைக்கலம்.
பின்கனத்துக்கு மூக்கில் ஈயம்.
ஈயத்துக்கு இன்னும் இறக்கை.
இப்படியே போனால்
ஒரு நிஜ விமானத்தில்தான் முடியும் என்றாள் சிகப்பி.

அதுவரை பசை தடவிக்கொண்டிருந்த நூர்நிஷா
தலை நிமிராமல் கேட்டாள்:
"கேமராவக் குறுக்க வைக்காம
நெடுக்க வச்சா?"

வைத்தோம்.
பழைய எட்டுக்குள் இறங்கியது, ஒரு முடி இடைவெளியில்.
மூக்கு நீளம் அரைச்சாண் போதும் என்றானது,
வால் குழாய் மட்டும் நாலு விரற்கடை கூடியது.
ஈயம் வாங்கவில்லை.

ஞாயிறு காலை மறுபடி அதே காற்று,
அதே தட்டு.
மூக்கு ஏறியது.
யாரும் மூச்சு விடவில்லை.
இறங்கியது. கொஞ்சம் ஏறியது.
அதைவிடக் கொஞ்சமாய் இறங்கியது.
பிறகு நேராகக் கண்மாயைப் பார்த்துப் போனது.

சிகப்பி குச்சியிலிருந்து
கட்டைவிரலை எடுத்துவிட்டு
எங்களிடம் கையைக் காட்டினாள்:
பாருங்க,
நான் ஒண்ணும் பண்ணல.