கணக்கில் ஒன்று குறைவு

முன்பெல்லாம் சனிக்கிழமை காலையில்
பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு வருவார் ரஸ் கோட்ரெல்.
சட்டைப்பையில் நான்காய் மடித்த தாள்,
அதில் தன்னிடம் இல்லாதவற்றின் பட்டியல்:
முப்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்து வரை.
அட்டை கிழிந்திருந்தாலும் சரி,
எந்தப் பொடியனோ வில்லிக்கு மீசை வரைந்திருந்தாலும் சரி,
ஓட்டை அடைபட வேண்டும், அவ்வளவுதான்.
ஒரு டாலர் பெட்டியில் விரல் கறுக்கத் துழாவுவார்.
நாற்பத்திரண்டு அகப்பட்ட அன்று
என்னிடம்கூடக் காட்டவில்லை,
காரில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டுத்தான்
காசு கொடுக்க உள்ளே வந்தார்.

இப்போது யாருக்கும் வரிசை வேண்டாம்.
முதல் தோற்றம் வேண்டும், முதல் மரணம் வேண்டும்.
படம் வரப்போகிறது என்று எவனாவது கிளப்பிவிட்டால்
விடிவதற்குள் அந்த ஒன்று மட்டும் வேண்டும்.
அதற்கு முந்தியதும் பிந்தியதும்
குழுப் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டவர்கள் மாதிரி
பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன.
வாங்குவது புத்தகத்தை அல்ல, எண்ணை:
ஒன்பது புள்ளி எட்டு.
கெட்டிப் பிளாஸ்டிக் பேழை, நாலு பக்கமும் சீல்,
நெற்றியில் லேபிள்.

பீனிக்ஸில் டேரியன் என்றொரு பையன்.
போன வருஷம் ஒரே இதழை
என்னிடம் இரண்டு தடவை வாங்கினான்.
நடுவில் யாருக்கோ விற்றிருக்கிறான்,
அந்த யாரோ எனக்கே விற்றிருக்கிறார்,
பேழை என் அலமாரியை விட்டு அசையவேயில்லை.
குறை சொல்லவில்லை.
கூரை ஒழுகியதை அடைத்தது அந்தப் பணம்தான்.

பிப்ரவரியில், ஈரி ஏரி கல்லாய்க் கிடந்த ஒரு செவ்வாய்,
லவெர்ன் ஹட்சக் வந்தாள்,
இரவு ஷிப்ட் முடிந்த கண்கள், கழற்றாத சீருடை.
அறுபத்தெட்டாம் இதழ் இருக்கிறதா என்றாள்.
இருந்தது, பேழைக்குள் ஒன்றே ஒன்று.
படிக்க மட்டும்தான் என்றால் ஒரு வாரம் பொறுங்கள்,
கிழிசல் பிரதி எங்காவது சல்லிசாய்க் கிடைக்கும் என்றேன்.
"வாரமெல்லாம் கிடையாது, நாளைக்கு அடக்கம்."
ஒரு கார்டை நீட்டினாள், போதாமல் இன்னொன்றையும்.
பிறகு கேட்டாள்:
"ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

திறந்தால் பாதி விலைகூடத் தேறாது என்றேன்.
என் குரல் எனக்கே அசிங்கமாய் இருந்தது.
மூலையில் முனையைக் கொடுத்து நானே நெம்பினேன்.
ஏரி விரிசல் விடும் சத்தம்.

கதையை அவள் தொடவில்லை.
கடைசிக்கு முந்திய பக்கம், வாசகர் கடிதங்கள்,
மூன்றாவதாக எமெட் ஹட்சக், ஈரி, பென்சில்வேனியா:
'அறுபத்தைந்தாம் இதழில்
ஒன்பதாம் பக்கத்தில் கையுறை பச்சை,
பதினோராம் பக்கத்தில் மஞ்சள்.
உங்கள் வர்ணக்காரர் தூங்குகிறாரா?
மற்றபடி நன்றாக இருந்தது.'
கீழே ஆசிரியர்: 'எழுப்பிவிட்டோம், எமெட்.'

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"ஆஸ்பத்திரிச் சாப்பாட்டையும் இப்படித்தான் திட்டினான்,
மற்றபடி நன்றாக இருந்ததாம்."
பிறகு அதைச் சுருட்டி,
ஆமாம், ஒன்பது புள்ளி எட்டைச் சுருட்டி,
கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள்.
பின்பாக்கெட்டில் அவன் வைப்பது அப்படித்தானாம்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

லேபிள் மட்டும் என் மேசையில் கிடந்தது.
உடைத்தால் அதைத் தரம்போடும் கம்பெனிக்குத்
திருப்பி அனுப்புவது முறை.
அவர்கள் ஏட்டில் நாற்பத்தொரு பிரதிகள்.
தபால்தலை ஒட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து டேரியன் அழைத்தான்.
"நாற்பதாகிவிட்டது, பார்த்தீர்களா?"
விலை ஏறியிருக்கிறதாம்.
எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான்.
கேட்காமல் இருந்திருக்கலாம்.

அன்று கடையைச் சாத்திய பிறகு
ஒரு டாலர் பெட்டியில் கைவிட்டுத் துழாவினேன்.
அறுபத்தைந்து, அட்டையே இல்லாத பிரதி.
ஒன்பதாம் பக்கம் பச்சை.
பதினோராம் பக்கத்தை
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
மஞ்சள்தான்.